ஆறு மணி டூட்டியும் ஒரு புகார் மனுவும்

புகாரை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் இத்தனை நேரம் ஒளித்துவைத்திருந்தது போல ஆகிவிடும்.

அப்போது நைனா, என் அப்பா, திருவொற்றியூரில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். இல்லம் என்பது நான் சொல்கிற பெயர். வாசலில் பலகை எதுவும் கிடையாது. மாடி வைத்த வாடகை வீடு; கீழே ஆறு கட்டில், மேலே ஐந்து. நடத்தியவர் ஓர் அக்கா. ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை என்று முதலில் ஒரு கிழவியை வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்தக் கிழவியின் பக்கத்துக் கட்டிலுக்கு இன்னொருத்தி வந்தாள். அப்படியே வீடு நிறைந்துவிட்டது. யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்த இடமில்லை அது. மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்குவது போல அங்கே வயது தேங்கியது.

நைனா ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் ஓரத்தில் நின்று, கீழே பார்க்க முடியாத கிரேன்காரனுக்குக் கையால் சொல்கிறவர். தூக்கு, இறக்கு, நிறுத்து, ஒரு விரற்கடை இடது பக்கம். முப்பத்தைந்து வருடம் அந்தக் கைகளை நம்பித்தான் சரக்கு காற்றில் தொங்கியது. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகு, அம்மாவும் போன பிறகு, அவருக்கு நினைவு கலைய ஆரம்பித்தது. கலைந்த நினைவில் ஒன்று மட்டும் கலையவில்லை: காலை ஆறு மணி ஷிப்ட். ராயபுரத்தில் சர்ச் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, சட்டை மாட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஹார்பர் கேட்டில் காவலர்கள் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். ஒருநாள் அவர் கேட்டுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. காசிமேட்டில், ஐஸ் உடைக்கிற இடத்தில் நனைந்த காலோடு உட்கார்ந்திருந்தவரை மாலையில் கண்டுபிடித்தேன்.

மறுநாள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். நான் தனியாள். சரக்குத் தாள்களைச் சரிபார்த்து அனுப்புகிற அலுவலகத்தில் வேலை. லீவு கேட்டுக் கேட்டு முகம் தேய்ந்திருந்தது. சாயங்காலம் பூட்டைத் திறந்தால், கதவுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி, சட்டைப் பொத்தான் போட்டு, செருப்பு மாட்டி, நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நின்றிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அந்த வாரமே அக்காவின் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்ப்பேன். நைனா மொட்டை மாடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அமைதியாக இருந்தார். என்னைவிட நன்றாகச் சாப்பிட்டார். கழுத்தும் முன்கையும் கறுத்திருந்தன. காலை வெயிலில் உட்காரவைக்கிறார்கள் போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். "டூட்டிக்குப் போகணும்னு தொல்லை பண்றாராக்கா?" என்று கேட்டால் அக்கா சிரிப்பார். "அதெல்லாம் ஒரு பேஜாரும் இல்ல தம்பி. அவரு பாட்டுக்கு கீறாரு."

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு வேலைநாள், சுங்கத்தில் கணினி படுத்துவிட்டது என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து மணிக்கு இல்லத்துக்குப் போனேன். நைனாவின் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது.

"நைனா எங்கக்கா?"

"டூட்டிக்குப் போய்க்கீறாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையாலேயே தெருமுனையைக் காட்டினார். "பாய் கடையாண்ட கீறாரு. ரெண்டு மணிக்கு வந்துடுவாரு. குந்து, டீ போடறேன்."

தெருமுனையில் ஒரு இரும்பு யார்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து போகிற ஒரு பாய் நடத்துவது. லாரியில் வருகிற கம்பியையும் தகட்டையும் இறக்கி அடுக்க ஒரு சின்ன கிரேன் வைத்திருந்தார். நான் போன நேரம் ஒரு கட்டு ஆங்கிள் இரும்பு காற்றில் தொங்கி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, ஒரு கையை முழங்கை மடங்காமல் உயர்த்திப்பிடித்து நின்றார் என் அப்பா. கிரேன் ஓட்டுகிறவர், என் வயதுக்காரர், லிவரில் கை வைத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை மெதுவாகத் தாழ்ந்தது. இரும்பு மெதுவாகத் தாழ்ந்தது.

நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. ஆனால் பயமும் இல்லை. அது ஒரு வேலைக்காரரின் கோபம்.

"யாருய்யா நீ? கொக்கிக்குக் கீய வராத. அப்பால போ."

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "கோச்சுக்காத தம்பி. அவரு நிக்கற எடத்துல ஒண்ணியும் வுழாது. நானே பெயிண்ட்ல கோடு போட்டு வச்சிக்கீறேன், பாரு. அதத் தாண்ட மாட்டாரு. நம்ம ஆளுங்கதான் தாண்டுவானுங்க, அவுரு அவனுங்களத் திட்டுவாரு."

கிரேன்காரர் மேலிருந்து சொன்னார். "நைனா இல்லாம எறக்கறதே இல்ல சார். பயகிப்போச்சு."

தரையில் வெள்ளைக் கோடு இருந்தது உண்மை. காற்றில் அரை டன் இரும்பு இருந்ததும் உண்மை. எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் பட்டது.

அக்காவிடம் நான் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருவொற்றியூரில் சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடுவார்கள். இரண்டு சத்தமும் தெருவில் தீர்ந்துபோகும். நானோ பேசாமல் வந்து, வீட்டில் உட்கார்ந்து, அரசு இணையதளத்தில் புகார் எழுதினேன். எழுத எழுத வார்த்தைகள் கஷ்டமில்லாமல் வந்தன. மறதி நோயுள்ள முதியவர். கண்காணிப்பின்றி. உயிருக்கு ஆபத்தான இடத்தில். தொடர் அலட்சியம். அலுவலகத்தில் நாளெல்லாம் இப்படிப்பட்ட வார்த்தைகளோடு புழங்குகிறவன் நான். யாராவது ஒரு அதிகாரி போய், "இனிமே வெளிய விடாதீங்கம்மா" என்று கண்டித்துவிட்டு வருவார், விஷயம் சரியாகும் என்றுதான் நினைத்தேன். கண்டித்துவிட்டு வருவது என்ற ஒன்று சட்டத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

நைனாவை வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் ஞாயிறுகளில் வழக்கம்போலப் போய்வந்தேன். ஒரு மாதம் கழித்து அக்காவே என்னைப் போனில் கூப்பிட்டார். புகார் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. "தம்பி, ஆபீசருங்க வந்துகீறாங்க. எல்லாம் அளந்துகினு கீறாங்க. நீ படிச்சவன், கொஞ்சம் வந்து நைனா நல்லா கீறாருன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

போனேன். அதிகாரி நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கூட இரண்டு பேர். ஒருவர் மாடிப்படியின் அகலத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தார். பதினொரு பேருக்கு இரண்டு கழிப்பறை, ஒன்றில் பிடிமானக் கம்பி இல்லை. தீயணைப்புக் கருவி இல்லை. மாத்திரைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில். நர்ஸ் இல்லை. டாக்டர் வந்து பார்த்ததற்குக் கையெழுத்து இல்லை. பதிவுச் சான்றிதழ் இல்லை. அதிகாரி எதற்கும் குரல் உயர்த்தவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, இல்லை என்ற பதிலுக்குத் தலையாட்டி, தாளில் குறித்தார்.

"ரிஜிஸ்டர் எதாவது வச்சிருக்கீங்களாம்மா? யார் வராங்க, போறாங்கன்னு?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அன்று முழுவதும் 'இருக்கு' என்று சொல்ல அவருக்குக் கிடைத்த முதல் கேள்வி அது. உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். அட்டை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டது.

அதிகாரி புரட்டினார். நான் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அக்காவின் உருண்டை உருண்டையான எழுத்து. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. *நைனா. 6 மணி டூட்டிக்குப் போனாரு. 2.10 வந்தாரு. நாஸ்டா பாதி திருப்பிக் கொண்டாந்தாரு.* அடுத்த நாள். *6 மணி போனாரு. 2.05 வந்தாரு. கால் வலின்னாரு, எண்ணெய் தேச்சேன்.* ஞாயிறு. *லீவு.* பக்கம் பக்கமாக, ஐந்து மாதம், ஒரு நாள் விடாமல்.

"வார்டுல வேல செஞ்சவ மேடம் நானு. எழுதாம வுட மாட்டேன்," என்றார் அக்கா. "ஒருநாள் கூட ரெண்டரையத் தாண்டினதில்ல, பாருங்க."

மாடியில் யாரோ இருமினார்கள். அதிகாரி நோட்டை மூடி, உறையின் மேல் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்: "தனியா வெளிய அனுப்பினதுக்கு நாங்க சாட்சி தேடணும்னு வந்தோம்மா. நீங்களே தேதி போட்டு எழுதி வச்சிருக்கீங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. பாராட்டா, இல்லையா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் அளவு நாடாவைப் பார்த்தேன்.

நோட்டீஸ் வந்தது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். அதே அதிகாரி. மின்விசிறிக்குக் கீழே கோப்புகள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கருங்கல் ஜல்லி.

"நீங்க வாபஸ் வாங்கலாம் சார். நான் அங்க பாத்தத எப்படி வாபஸ் வாங்கறது?" என்றார். "தீப்பிடிச்சா மேல இருக்கற அஞ்சு பேரும் எப்படி எறங்குவாங்க? சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. "அவங்க நல்லவங்க மேடம்," என்றேன்.

"தெரியும். நல்லவங்களுக்குன்னு தனிப் படிவம் இல்லையே சார்."

அபராதம் விதித்தார்கள். குறைகளைச் சரிசெய்து பதிவு செய்ய அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் படிக்கட்டை அகலப்படுத்த வீடு அக்காவுடையது இல்லை. வீட்டுக்காரர் நோட்டீஸைப் பார்த்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். பதினொரு பேரும் பதினொரு திசைக்குப் போனார்கள். சிலரை மகள்கள் வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். சிலரை அங்கீகாரம் பெற்ற இல்லங்களுக்கு அரசு வண்டியில் கொண்டுபோனார்கள். நைனாவை நான் அழைத்துப்போன அன்று அக்கா அவருடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். நோட்டீஸில் புகார்தாரரின் பெயர் இல்லை. ஆனால் புகாரில் என்ன எழுதியிருந்தது என்று இருந்தது. பதினொரு பேரில் யார் அப்பா டூட்டிக்குப் போனார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்.

பையை என் கையில் கொடுக்கும்போது அவர் கோபமாக இல்லை. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி," என்றார். "நீ சொன்னா கேட்டைப் பூட்டியிருப்பேன்."

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

புதிய இல்லம் அத்திப்பட்டுப் பக்கம். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஜன்னலில் தெரியும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மாலைக்குள் சாம்பல் மெல்லிய தோல் போலப் படிந்துவிடும். மற்றபடி குறை சொல்ல முடியாத இடம். சுவரெல்லாம் பிடிமானக் கம்பி. ஒவ்வொரு மாடியிலும் சிவப்புத் தீயணைப்புக் கருவி. சான்றிதழ்களை வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நைனாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். மாத்திரை கொடுத்தால் நேரம் எழுதினார்கள், ரத்த அழுத்தம் எழுதினார்கள், மலம் கழித்தால் அதையும் எழுதினார்கள்.

காலை ஐந்தரைக்கு அவர் எழுந்து கிரில் கேட்டின் முன்னால் நின்றார். அதையும் எழுதினார்கள்.

"ரெண்டு மணி வரைக்கும் நிக்கறாரு சார்," என்றார் அங்கிருந்த செவிலியர். "உக்கார வெச்சா எழுந்துக்கறாரு. அடிக்கல, கத்தல. சும்மா கேட்டையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. கால் வீங்குது."

வெளியே அழைத்துப்போகலாமா என்று கேட்டேன். அனுமதி உண்டு, குடும்பத்தார் கூட வந்து கையெழுத்துப் போட்டால். காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள். ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆட்டோ வைத்து அவரைப் பாயின் யார்டுக்கே கொண்டுபோனேன். ஆபத்தான இடம் என்று நான் தேதியோடு எழுதிக்கொடுத்த அதே இடத்துக்கு. வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எண்ணூர் சாலையில் எங்கள் ஆட்டோ அவற்றின் சக்கர உயரத்துக்குத்தான் இருந்தது. போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை.

பாய் எழுந்து வந்துவிட்டார். "வா நைனா, வா. எங்க போய்ட்ட நீ? உன் ஹெல்மெட்ட எவனும் தொடல."

நைனா கேட் வரைக்கும் நடந்தார். அங்கே நின்றுவிட்டார். உள்ளே கிரேன்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையாட்டினார். நைனா உள்ளே காலை வைக்கவில்லை. வெயிலைப் பார்த்தார். காலடியில் குட்டையாகக் கிடந்த தன் நிழலைப் பார்த்தார். நிழலில் மணி பார்க்கத் தெரிந்தவர் அவர்.

"டைம் போச்சு," என்றார்.

"பரவால்ல நைனா, வா. நம்ம யார்டுதானே. யார் உன்னக் கேக்கறது?"

"டைம் போச்சு பாய். கேட்டு மூடிட்டானுங்க." கேட் திறந்துதான் இருந்தது. "லேட்டா வந்தவன உள்ள வுட்டா, நேரத்துக்கு வந்தவன் இன்னா மயித்துக்கு வந்தான்?"

ஹார்பரில் அப்படித்தான். ஆறு மணிக்குப் பேர் கூப்பிடும்போது இல்லாதவனுக்கு அன்று ஷிப்ட் இல்லை. கெஞ்சக்கூடாது. அப்பா ஒருநாளும் கெஞ்சியதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அவர் திரும்பி ஆட்டோவை நோக்கி நடந்தார். பாய் கேட்டுக்குள்ளேயே நின்றார். நானும் நின்றேன், யார் பக்கம் என்று தெரியாமல். ஆட்டோவில் திரும்பி வரும்போது நைனா என்னிடம், ஒரு சக தொழிலாளியிடம் சொல்வது போல, "நீதான்யா லேட் பண்ணிட்ட," என்றார்.

ஆறு மணிக்கு வெளியே விட முடியுமா என்று நிர்வாகியிடம் எழுதிக் கேட்டேன். விதியில் இடமில்லை என்று எழுதிப் பதில் கொடுத்தார். அந்த விதி ஏன் இருக்கிறது என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்கள் எழுதிய புகார்களால்தான் அது இருக்கிறது.

அவர் நிற்பது நிற்கவில்லை. கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. உட்காரவைத்துக் கட்ட விதியில் இடமில்லை, அதற்கு நன்றி. தூக்க மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டர் யோசிப்பதாகச் செவிலியர் போனில் சொன்னார். குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போட வாருங்கள்.

மறுநாள் முதல் ரயிலைப் பிடித்தேன். எண்ணூரைத் தாண்டும்போது கழிமுகத்தில் இருட்டு இன்னும் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் என்னைத் தவிர, ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர், தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு. போய்ச் சேரும்போது ஆறாகப் பத்து நிமிடம். பார்வையாளர் நேரம் இல்லை என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெளியே நிற்பதற்குத் தடை இல்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நைனா நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு. முகம் கழுவிய ஈரம் காதோரம் இருந்தது. கிரில் கம்பி எங்கள் நடுவில்.

என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. நீ ரிட்டயர் ஆகிவிட்டாய் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தவன் நான். ஒவ்வொரு முறையும் அன்றுதான் வேலையை விட்டு நீக்கப்பட்டவர் போல அவர் முகம் போகும். அதைச் சொல்ல வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நைனா, இன்னிக்கு கப்பல் இல்ல."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "பெர்த்து காலியா?"

"காலி. எதுவும் வர்ல."

"யாரு சொன்னது?"

"ஆபீஸ்ல எழுதிப் போட்டுக்கீறாங்க."

எழுதிப் போட்டிருந்தால் அவர் நம்புவார். கொஞ்ச நேரம் நின்று, தலையாட்டி, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் தொடை மேல் வைத்துக்கொண்டார். கப்பல் இல்லாத நாளில் ஆட்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லாத ஓய்வு அது.

சம்மதத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. செவிலியரிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் தினமும் காலையில் சொல்கிறார்கள். மாத்திரை தேவைப்படவில்லை. வீக்கம் வடிந்தது. பதிவேட்டில் 'பழகிவிட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் படித்துப் பாராட்டினார்களாம்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு ஞாயிறு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. யாரோ பக்கத்தில் இருப்பது தெரிந்தது.

"மத்தவனுங்களுக்கும் இல்லியா?" என்று கேட்டார்.

"இன்னாது நைனா?"

"வேல."

"எவனுக்கும் இல்ல. ஒரு கப்பலும் வர்ல."

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஹார்பரே போச்சா அப்போ," என்றார்.

வெளியே, எண்ணூர்ப் பக்கம், ஏதோ ஒரு கப்பல் நுழைவதற்காக ஊதியது. அவருக்குக் காது கேட்கும், அது மட்டும் கெடவே இல்லை. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.